லுங்கி கட்டிய பந்தயக் கார்

உலகச் சண்டை முடிந்த மறுவருஷம் என் மாமா ஒரு பந்தயக் கார் செய்ய ஆரம்பித்தார். சாதாரணக் கார் எங்களுக்குத் தெரியும். கிருத்திகைக்குத் திருத்தணி வருகிற பட்டணத்துக்காரர்களின் கார்களை, தூசி அடங்கும்வரை நின்று பார்த்திருக்கிறோம். பந்தயக் கார் என்றால் என்ன என்று நைனா கேட்டார். அப்பாவை நாங்கள் நைனா என்போம்.

“ரெண்டே பேர் குந்தறது பாவா” என்றார் மாமா. அக்கா புருஷன் அவருக்குப் பாவா.

“அப்போ நம்ம கணக்குப்பிள்ள சைக்கிளும் பந்தயக் கார்தான்” என்றார் நைனா.

மாமா என் அம்மாவின் தம்பி. பெற்றவர்கள் சீக்கிரமே போய்விட்டதால், அம்மா கல்யாணமாகி வரும்போது பித்தளைப் பாத்திரங்களோடு சேர்த்து அவரையும் கொண்டு வந்துவிட்டாள் என்று நைனா சொல்லுவார். எங்கள் ஊர் பொதட்டூர்பேட்டை சாலையில், திருத்தணியிலிருந்து நாலு மைல். சண்டைக் காலத்தில் மாமா பட்டாளத்து ஒர்க்ஷாப்பில் லாரி பழுது பார்த்தார். அங்கிருந்து ஒரு பெட்டி ஸ்பானர், இரண்டு காக்கி நிஜார், வாய் நிறைய இந்துஸ்தானி வசவு ஆகியவற்றோடு திரும்பி வந்து, எதிர்வீட்டில் அத்தையோடு குடியிருந்தார். வசவுக்கு அர்த்தம் தெரியாததால் அம்மா அவற்றை ஏதோ சுலோகம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

அத்தை ஒல்லி. சிரித்தால் வாயைக் கையால் மூடிக்கொள்ளுவாள். எனக்குத் தெரிந்து இரண்டு தடவை அவளுக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு தடவையும் நைனாவின் வில்வண்டியில் திருத்தணி ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பி, எங்கள் கூடத்தில் சுவர்ப்பக்கம் பார்த்தபடி பத்து நாள் படுத்திருந்தாள். காய்ச்சலுக்கு ஏன் நீ அழுகிறாய் என்று அம்மாவைக் கேட்டேன். போய் விளையாடு என்றாள். எனக்கு எட்டு வயசு. விளையாடு என்று சொன்னால் காரணம் கேட்காமல் போகிற வயசு.

கார் வந்த கதை சுருக்கமானது. திருத்தணியில் ஒரு பெரிய வீட்டுக் கொட்டகையில் பழைய கார் ஒன்றில் கோழி அடைந்துகொண்டிருந்தது. அவர்கள் கிணற்று ஆயில் இன்ஜினை ஓட வைத்ததற்குப் பதிலாக மாமா அதைக் கேட்டு வாங்கி, நாலு ஜோடி மாடு கட்டி இழுத்து வந்தார். இன்ஜினும் அடிச்சட்டமும் நன்றாக இருந்தன. மேலே இருந்த தகரம் மட்டும் தொட்டால் உதிர்ந்தது. மாமாவுக்கு அதில் சந்தோஷம். தகரம் இருந்தால்தானே அதன் சொல்லைக் கேட்க வேண்டும் என்றார்.

ஆனால் புதுத் தகரம் அந்தக் காலத்தில் எங்கே கிடைத்தது? மாமா மூங்கிலைப் பிளந்து வளைத்துக் கட்டினார். முன்பக்கம் கூர்மை, பின்பக்கம் வாத்து வால். காவடி செய்கிறவர் ஒருவரைக் கூட்டி வந்து வளைவுகளைச் சரி பார்த்தார். பிறகு பொதட்டூர்பேட்டைக்குப் போய், சாயம் சரியாகப் பிடிக்காமல் தறிக்காரர்கள் ஒதுக்கி வைத்திருந்த லுங்கித் துணியைச் சுருள் சுருளாகச் சுமந்து வந்தார்.

“துணியிலயா கார் செய்வாங்க?” என்றாள் அம்மா.

“ஏரோப்ளேனுக்கே துணிதான்க்கா போத்தறான். அது ஆகாசத்துல போவுது, இது தரையிலதான போவப்போவுது?”

மூங்கில்மேல் துணியை இழுத்துக் கட்டி, புளியங்கொட்டையைக் காய்ச்சிப் பசை தடவினார்கள். தறிக்காரர்கள் பாவு நூலுக்குப் போடுகிற அதே மாதிரி கஞ்சி. அத்துடன் நிறுத்தியிருக்கலாம். கோயில் கட்டுகிறவர்கள் சுண்ணாம்பில் வெல்லம் சேர்ப்பது மாமாவுக்கு ஞாபகம் வந்துவிட்டது. பசையில் இரண்டு உருண்டை வெல்லம் கரைத்தார். காய்ந்தபோது துணி முரசுத் தோல் மாதிரி விறைத்தது. தட்டினால் டும் டும் என்றது. பச்சையும் சிவப்புமாகக் கட்டம் போட்ட, வாத்து வால் வைத்த, தித்திப்பான கார்.

மறுநாள் காலையில் எங்கள் செவலைப் பசு இடது மட்கார்டைத் தின்று முடித்து, கதவுக்கு வந்திருந்தது. மாமா அதை விரட்டிய வேகத்தில் அவர் பேசிய சுலோகங்களைக் கேட்டு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இரண்டாவது தடவை பசையில் வேப்பெண்ணெய் கலந்தார். மாடு கிட்டே வரவில்லை, மனிதர்களும் வரவில்லை. எதிர்க்காற்று அடித்தால் எங்கள் வீட்டில் சோறு இறங்காது. ஊர் அதற்கு லுங்கிக் கார் என்று பெயர் வைத்தது.

எல்லோரும் துணியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்க, மாமாவின் கவலையெல்லாம் அடியில் இருந்தது. முதலில் பழைய லாரி ஒன்றின் வில்பட்டைகளை வாங்கிப் பொருத்தினார். நாங்கள் ஆறு பேர் மேலே ஏறிக் குதித்தும் கார் அசையவில்லை. ஓட்டிப் பார்த்தால், சாலையில் இருக்கிற ஒவ்வொரு கல்லும் நேராக நம் முதுகெலும்பில் வந்து பேர் சொல்லியது. மாமா இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் காலை நைனா சந்தைக்குப் போக வண்டியைப் பூட்டச் சொன்னபோது, வில்வண்டி தரையைத் தொடாத குறையாகக் குந்தியிருந்தது.

நைனாவுக்கு நிலமும் கரும்பும் எப்படியோ, அந்த வில்வண்டிதான் மரியாதை. அவர் இரண்டு தடவை அதைச் சுற்றி வந்தார்.

“ஏம்பா, வில்வண்டியில வில்ல எடுத்துட்டா அதுக்கு இன்னா பேரு?”

“வண்டி, பாவா” என்றார் மாமா.

அன்றைக்கு நடந்த சண்டையை எழுதினால் தாள் பத்தாது. அம்மா நடுவில் நின்று இரண்டு பக்கமும் அழுதாள். கடைசியில் நைனா ஒரு தீர்ப்புச் சொன்னார்.

“ஆடிக் கிருத்திகைக்கு உங்க அக்கா பால்குடம் எடுக்கறா. இங்கேந்து திருத்தணி கொளத்தங்கரை வரைக்கும் அந்தப் பால உன் கார்ல கொண்டா. ததும்பத் ததும்ப ஊத்தி, மூடாம. கொடத்து கழுத்துல ஒரு வெள்ளத் துணி கட்டுவேன். துணி காஞ்சிருந்தா பட்டைங்க உன்னுது. நனைஞ்சிருந்தா அன்னிக்கு சாய்ங்காலமே என் வண்டியில மாட்டிரணும். அதோட காரையும் பிரிச்சிடு.”

“சரி பாவா. ஆனா நான் மெதுவா போவ மாட்டேன்.”

“மெதுவா போனா தானா அலுங்காதேப்பா. வேகமா வேற போவணுமா?”

“மெதுவா போவ நேரம் இருந்தா கட்ட வண்டியே போதுமே. வேகமாவும் போவணும், அலுங்கவும் கூடாது. அதுக்குதான இவ்ளோ பாடு.”

நைனா அம்மாவைப் பார்த்து, உன் தம்பிக்கு மந்திரிக்க ஆள் பார் என்று சொல்லிவிட்டு, வில்லில்லாத வண்டியில் ஏறிச் சந்தைக்குப் போனார். திரும்பி வந்தபோது இறக்கிவிட இரண்டு ஆள் வேண்டியிருந்தது.

கிருத்திகைக்கு ஒன்றரை மாதம் இருந்தது. நைனாவின் பட்டைகள் காருக்குச் சரியாக வேண்டுமென்றால் எடை பார்த்து அமைக்க வேண்டுமாம். மாமா என்னை வேர்க்கடலை நிறுக்கிற தராசில் உட்கார வைத்து நிறுத்தார். ஊரே வேடிக்கை பார்த்தது. நான் பள்ளிக்கூடம் போகிற நேரத்தில் என் இடத்தில் உட்கார ஒரு மணல் மூட்டை வந்தது. மூட்டையின் எடை என் எடை அல்ல. என்னைவிட நிரம்ப அதிகம். அதுவும் நாளாக ஆக, மாமா அதில் அவ்வப்போது ஒரு படி, அரைப் படி என்று மணல் சேர்த்துக்கொண்டே இருந்தார்.

“எதுக்கு மாமா மூட்ட பெருசாவுது?”

“மணல் காய காய எடை கொறையும் கண்ணு. அத்த ரொப்பறேன்.”

எனக்கு அந்த மூட்டைமேல் பொறாமை. இரண்டே இரண்டு இடம் உள்ள காரில் ஒன்று ஓட்டுகிறவருக்கு, மற்றது எனக்கு. அதை நான் யாரிடமும் கேட்டு முடிவு செய்யவில்லை, எனக்கே தெரியும். யாரும் இல்லாதபோது மூட்டையைக் கிள்ளிவிட்டு வருவேன்.

கிருத்திகை வந்தது. செவலைப் பசுவின் பாலைக் குடத்தில் ஊற்றினார்கள். மாமாவின் இடது மட்கார்டும் அதில் இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். நைனா குடத்தின் கழுத்தில் துணியைத் தானே கட்டி, முடிச்சையும் தானே இழுத்துப் பார்த்தார். அம்மாவும் நைனாவும் அத்தையும் விடிந்ததும் வண்டியில் கிளம்பிவிட்டார்கள். அத்தையை அந்த வண்டியில் ஏற்ற மாமாவுக்கு மனசே இல்லை. வைக்கோலைப் போட்டு, அதன்மேல் மெத்தையைப் போட்டு, மாட்டுக்காரரிடம் நடை பழகுகிற குழந்தை மாதிரி ஓட்டு என்று மூன்று தடவை சொன்னார். வண்டி குளத்தங்கரை சேர்ந்திருக்கும் என்று கணக்குப் போட்டபிறகு, நான் குடத்தை மடியில் வைத்துக் கட்டிக்கொள்ள, மாமா காரைக் கிளப்பினார்.

“ஒரு சொட்டு கீழ உடக்கூடாது கண்ணு” என்றார்.

வேகம் என்றால் என்ன என்று அன்றுதான் பார்த்தேன். புளியமரங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. காவடி எடுத்துப் போகிறவர்கள் அரோகரா என்று ஒதுங்கினார்கள். எதற்குச் சொன்னார்கள் என்று தெரியவில்லை. முதல் இரண்டு மைல் பால் தளதளத்ததே ஒழிய விளிம்பு தாண்டவில்லை. நைனாவின் பட்டைகள் மெத்தை மாதிரி இறங்கி ஏறின.

பிறகு ஓடை வந்தது. தண்ணீர் இல்லாத ஓடை. குறுக்கே கல் பாவியிருக்கும். மாமா சொன்னபடியே மெதுவாகப் போகவில்லை. கார் ஒரு தடவை குதித்தது. பால் எழும்பி, விளிம்பில் நின்று, அடங்கியது. நான் மூச்சு விட்டேன். ஆனால் கார் அடங்கவில்லை. முன்னும் பின்னும் தொட்டில் மாதிரி ஆடியது. இரண்டாவது ஆட்டத்தில் பால் இன்னும் எழும்பியது. மூன்றாவது ஆட்டத்தில் வெளியே வந்தே தீரும் என்று தெரிந்தபோது, நான் குனிந்து வாயை வைத்துவிட்டேன்.

சத்தியமாக முதல் வாய் யோசிக்காமல் குடித்ததுதான். இரண்டாவதிலிருந்து யோசித்துக் குடித்தேன். இன்னும் இரண்டு மைல் இருக்கிறது, வழியில் வேர் இருக்கிறது, பள்ளம் இருக்கிறது. பாலைக் கீழே விடக்கூடாது என்பதுதான் உத்தரவு; வேறு எங்கே விடலாம் என்று யாரும் சொல்லவில்லை. நாலு விரல் அளவு குறைத்தேன். மாமா சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். முருகன் பார்த்துக்கொண்டிருப்பார் என்பது குடித்து முடித்தபிறகுதான் நினைவுக்கு வந்தது.

குளத்தங்கரையில் நைனா காத்திருந்தார். துணியை விரலால் சுற்றிலும் தொட்டுப் பார்த்தார். அவிழ்த்து, கன்னத்தில் வைத்தும் பார்த்தார். எலும்பு மாதிரி காய்ந்திருந்தது. அவருக்கு வருத்தம்தான். ஆனாலும் நாலு பேர் கேட்கும்படி, “என் மச்சான் ஜெயிச்சிட்டாம்பா. பட்டைங்க அவனுது” என்றார். அம்மா தம்பியின் முகத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். வண்டி நிழலில் உட்கார்ந்திருந்த அத்தை வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

மாமா மட்டும் சிரிக்கவில்லை. குடத்துக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மேல் உதட்டில் பால் மீசை இருந்ததை நான் அறியேன். கையைப் பிடித்துக் காருக்குப் பின்னால் கூட்டிப் போனார்.

“துணி காஞ்சிகீது. பாலு நாலு வெரக்கட கம்மியா கீது. எங்க போச்சி?”

நான் வாத்து வாலின் கட்டங்களை எண்ணினேன்.

“அடிக்க மாட்டேன், சொல்லு.”

“குட்ச்சிட்டேன் மாமா. அதான் நாம ஜெயிச்சிட்டோமே?”

அவர் என் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தார். கோபமாக இருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். அது கோபம் இல்லை. பயந்துபோன முகம். பெரியவர்கள் பயப்படுவார்கள் என்று எனக்கு அதுவரை தெரியாது.

“ஜெயிக்கறதுக்காம்மா இத்த செஞ்சிகினு கீறேன்? எங்க எகிறிச்சி? ஓடையிலயா? குதிச்சப்பவா, அப்பாலயா? பொய் சொல்லாத சொல்லு. நீ சொல்றதுலதான் எல்லாம் கீது.”

“குதிச்சப்போ சிந்தல மாமா. அப்பால ஆடிகினே இருந்துச்சே, அப்போதான். மூணாவது ஆட்டத்துல.”

“மூணாவது ஆட்டத்துல” என்று அவர் திருப்பிச் சொன்னார். இரண்டு தடவை சொன்னார். எழுந்து நேராக நைனாவிடம் போய், “நான் தோத்துட்டேன் பாவா. பாலு சிந்தல, ஆனா சிந்தியிருக்கும். கொழந்த குட்ச்சிட்டா” என்றார்.

எனக்கு ஆத்திரமான ஆத்திரம். இவருக்காகச் சாமி பாலைக் குடித்தேன், இவர் போய்க் காட்டிக்கொடுக்கிறாரே! அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். நேர்ந்துகொண்ட பாலை எச்சில் பண்ணின பெண்ணுக்கு என்ன கதி என்று அங்கேயே நாலு பேரிடம் கேட்டாள். மொட்டை என்று தீர்ப்பாயிற்று. நான் போட்ட கூச்சல் மலைக்கு மேலே கேட்டிருக்கும். என் காரால்தானே என்று சொல்லி மாமாவும் என் பக்கத்தில் உட்கார்ந்து தலையை நீட்டினார். வேறு பால் வாங்கி அம்மா படியேறப் புறப்பட்டாள்.

நைனா தன் பட்டைகளைத் திரும்பக் கேட்டிருக்க வேண்டும். கேட்கத்தான் வாயைத் திறந்தார். படியேறப் போன அம்மா குடத்தோடு திரும்பி வந்து, அவர் காதில் ஏதோ சொன்னாள். நைனா அத்தையை ஒரு தடவை பார்த்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“பட்டைங்க அதுலயே கெடக்கட்டும். இன்னா செய்யணுமோ செய்யி. நான் கட்ட வண்டியிலயே போய்க்கறேன்.”

விட்டுக்கொடுப்பது என்ற வழக்கமே இல்லாத மனிதர் அவர். இடுப்பு வலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டே அந்த வருஷம் முழுவதும் அந்த வண்டியில் போனார். அம்மா என்ன சொன்னாள் என்று நான் கேட்டேன். போய் விளையாடு என்றாள்.

அன்று திரும்பும்போது, லுங்கி கட்டிய காரில் சந்தனம் பூசிய இரண்டு மொட்டைத் தலைகள் போனதைப் பார்த்தவர்கள் பல வருஷம் சொல்லிச் சிரித்தார்கள்.

மாமா காரை மறுபடி பிரித்தார். மெத்தென்று இறங்கினால் போதாது, இறங்கிய வண்டி ஒரே ஆட்டத்தோடு நிற்க வேண்டும் என்றார். செருப்புத் தோலை வட்டமாக வெட்டி, இரண்டு இரும்பு வட்டுக்கு நடுவே வைத்து, பட்டைக்கும் சட்டத்துக்கும் இடையில் முடுக்கினார். அதிகம் முடுக்கினால் கல் குத்தும். தளர்த்தினால் தொட்டில் ஆடும். இருக்கிற பெட்ரோலுக்கு வாரம் ஒரு நாள் ஓடைவரை போவோம். மடியில் குடம், இப்போது வெறும் தண்ணீர். நான் சிந்தினால் சிந்தியது என்று சொல்லுவேன். பொய் சொல்லுகிற ஆசையே போய்விட்டது. சொன்னால் மாமா முகம் எப்படி ஆகும் என்று பார்த்திருந்தேனே. ஐப்பசியில் ஒரு நாள், ஓடையைத் தாண்டியும் துணி நனையவில்லை. மாமா காரை நிறுத்தி, ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டார். மணல் மூட்டை அப்போது நான் இரண்டு கையாலும் அசைக்க முடியாத கனமாகியிருந்தது.

கார்த்திகையில் ஒரு காலை. மழை விட்டிருந்தது. நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது எதிர்வீட்டில் கார் உறுமியது. என்னை விட்டுவிட்டு எப்படிக் கிளப்பலாம் என்று ஓடினேன். என் இடத்தில் அத்தை உட்கார்ந்திருந்தாள். நன்றாகச் சாப்பிட்டுப் பருத்திருக்கிறாள் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். மடியில் குடம் இல்லை. ஆனாலும் நான் குடத்தைப் பிடிக்கிற மாதிரியே இரண்டு கையாலும் வயிற்றைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடியிருந்தாள். அம்மா வாத்து வாலின்மேல் ஏறிக் குந்தி, மூங்கிலைப் பிடித்துக்கொண்டாள். கார் பறந்தது. குடையை விரித்துக்கொண்டு, அது யாருக்கு என்றே தெரியாமல், நைனா ஊர் எல்லை வரைக்கும் பின்னாலேயே ஓடினார்.

“அது என் எடம்!” என்று நான் தெருவில் புரண்டு அழுதேன்.

ஒரு வாரம் கழித்து அதே காரில் அத்தை திரும்பி வந்தாள். கையில் ஒரு பெண் குழந்தை. குழந்தைகளை ஆஸ்பத்திரியில் கொடுப்பார்கள் என்றுதான் எனக்குத் தெரியும். ஆகவே விஷயம் வெட்ட வெளிச்சமாகிவிட்டது. அன்றைக்கு என் இடத்தில் நான் போயிருந்தால் குழந்தையை எனக்கல்லவா கொடுத்திருப்பார்கள்? மூன்று மாதம் குடம் பிடித்தவள் நான், மொட்டை அடித்துக்கொண்டவள் நான், குழந்தை அவளுக்கா? மூன்று நாள் அத்தையோடு பேசவில்லை. எதிர்வீட்டுப் பக்கமே போகவில்லை. அவள் வாசலில் நின்று குழந்தையைக் காட்டிக் கூப்பிட்டாள். வாயை மூடிக்கொள்ளாமல் சிரித்தாள்.

நாலாம் நாள் மாமா மணல் மூட்டையைத் தோளில் சுமந்து வந்து எங்கள் வாசலில் அவிழ்த்துக் கொட்டினார். இனிமேல் இது வேண்டாம், நீயே வைத்துக்கொள் என்றார். என் எதிரி ஒழிந்தான் என்று எனக்கு ஒரே சந்தோஷம். அந்தக் குவியலில் சாயங்காலம் வரை வீடு கட்டினேன், கிணறு தோண்டினேன், காலால் இடித்தேன், மறுபடி கட்டினேன். அது எத்தனை மாத மணல் என்று எனக்குத் தெரியாது.